ராபியாவுக்குப் பேசிய பக்கம்

என் வீட்டுக்காரர் முகம்மது இஸ்மாயில் வாயைத் திறந்து சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசுவதே அபூர்வம். கல்யாணமான புதிதில், இந்த மனுஷருக்குத் தொண்டையில் ஏதாவது கோளாறா என்று என் அம்மாவிடமே கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் சவுதியில், தமாமில் உட்கார்ந்துகொண்டு, கூடத் தங்கியிருந்தவர்களை எல்லாம் அறையைவிட்டு வெளியே அனுப்பிவிட்டு, ஒரு கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க எனக்கென்று பேசினார். அதில் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டார். அந்தப் பக்கத்தைக் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கொடுத்துவைக்கவில்லை என்று சொல்லி விதியின் மேல் பழியைப் போடுகிற ஆள் நான் இல்லை. விதிக்கு வேறு வேலை இருக்கிறது. இது ஜலாலுதீன் கடையில் நடந்தது.

எண்பத்திரண்டாம் வருஷம். இவர் போய் மூன்று வருஷம் முடியப்போகிற சமயம். பழவேற்காட்டு வீட்டில் நான், மாமியார் பரக்கத் பீவி, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் சின்ன நாத்தனார் என்று மூன்று பேர்தான் இருந்தோம். மாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இவருடைய கையெழுத்தோ இவருக்கே புரியாது. அதனால் போன முதல் வருஷத்திலேயே ஒரு டேப் ரிக்கார்டரை வாங்கி அனுப்பிவிட்டார். அதிலிருந்து எங்களுக்குக் கடிதம் என்றால் கேசட்தான். ஊரில் பாதி வீட்டில் இதே கதை. சவுதியிலிருந்து ஒருவர் லீவில் வந்தால் அவர் பெட்டியில் துணிமணியைவிடக் கேசட்தான் அதிகம் இருக்கும்.

வந்த கேசட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் இல்லை. பலகாரம் போட்டுக் கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவோமா? அதே மாதிரிதான். வந்த கேசட்டிலேயே எங்கள் பதிலைப் பேசி, அடுத்து யார் கிளம்புகிறார்களோ அவர் பையில் போட்டு அனுப்பிவிடுவோம். எங்கள் பேச்சு ஏற ஏற அவர்கள் பேச்சு அழிந்துகொண்டே போகும். அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை. முன்னாலேயே ஜலாலுதீன் கடையில் கொடுத்துக் காப்பி எடுத்து வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒன்று, மண்ணடியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் பெரிய நாத்தனாருக்கு ஒன்று. அசல் போய்விடும், காப்பி வீட்டில் தங்கும்.

அவர் கடை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில். ரேடியோ ரிப்பேர்தான் அவருக்குத் தொழில். ஊர் ஆண்கள் ஒவ்வொருவராக அரபு நாட்டுக்குக் கிளம்ப ஆரம்பித்ததும், இரண்டு டேப் ரிக்கார்டர்களை முகத்துக்கு முகம் உட்காரவைத்து, ஒன்றைப் பேசவிட்டு இன்னொன்றைப் பிடிக்கவிட்டுக் காப்பி போட ஆரம்பித்தார். காப்பி ஓடும்போது கடையில் யாரும் பேசக்கூடாது என்று ஒரு அட்டையும் எழுதித் தொங்கவிட்டிருந்தார். அதை அவரே மதித்ததில்லை. எதிர்வீட்டு மரியம் பீவியின் மகன் அழுதுகொண்டே பேசும் இடத்தில், "ஒரு டீ, சக்கர கம்மியா" என்று ஜலாலுதீன் குரல் வரும். மரியம் பீவி அந்த இடம் வந்தால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். இன்னொரு வீட்டுக் காப்பியில் கரண்ட் போய் வந்ததில் பாதிப் பேச்சைக் காணோம். எங்கள் வீட்டுக் காப்பி ஒன்றில் இவர் குரல் இழுத்து இழுத்து, காய்ச்சலில் கிடப்பவர் மாதிரி வந்தது. மாமி ஒரு வாரம் சாப்பிடவில்லை.

புகார் சொல்லப் போனால் மனுஷன் அசரமாட்டார். "ஹெட்டுல அழுக்கு ஏறிப்போச்சு தங்கச்சி" என்பார். "வோல்டேஜ் இல்லம்மா, நான் இன்னா பண்றது" என்பார். நாமும் விடாமல் நின்றால், "ஒண்ணும் கவலப்படாத, அசல எடுத்துக்கினு வா, புதுசா போட்டுத் தர்றேன்" என்பார். அசல் அதற்குள் கடலைத் தாண்டியிருக்கும். அது அவருக்கும் தெரியும். ஊரில் வேறு கடை இருந்தால் யார் இந்த மனுஷனிடம் போகப் போகிறார்கள்.

அந்த வருஷம் வெயில் ஆரம்பிக்கும்போது அமீர் ஜான் லீவில் வந்தார். இவரோடு ஒரே அறையில் தங்கி வேலை செய்கிறவர். வந்த மறுநாளே வீட்டு வாசலில் நின்று கேசட்டையும் ஒரு பையையும் கொடுத்தார். மாமிதான் போய் வாங்கினாள். நான் உள்ளே கதவோரம் நின்றிருந்தேன். அமீர் ஜான் மாமியைத் தாண்டி உள்ளே ஒரு தரம் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார், அப்புறம் "வரட்டுமாம்மா" என்று போய்விட்டார். அன்றைக்கே குடும்பத்தோடு நெல்லூரில் மாமனார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்த வாசலில் அவர் வாயைத் திறந்திருந்தால் எனக்கு இந்தக் கதையே இல்லை.

சாயங்காலம் கேசட்டைப் போட்டோம். மாமி ஊதுவத்தி ஏற்றிவைத்தாள். "அஸ்ஸலாமு அலைக்கும் அம்மா" என்று ஆரம்பித்தார். முட்டிவலிக்குத் தைலம் அனுப்பியிருப்பதைச் சொன்னார், தங்கைக்குச் சேலை அனுப்பியிருப்பதைச் சொன்னார், பெரிய அக்கா பிள்ளைகளை விசாரித்தார், ஊரில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். கடைசியில், "ராபியா நல்லா இருக்காளா? சரி. வெச்சிடறேம்மா" என்றார்.

எத்தனை கேசட் வந்தாலும் எனக்குக் கிடைப்பது அந்த ஒரு வரி. மிஷினுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருப்பேன். இவர் என்னைப் பற்றி அம்மாவிடம் விசாரிப்பார். மாமியும் மிஷினைப் பார்த்து, "நல்லா இருக்காப்பா" என்று பதில் சொல்லுவாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். ஆள் இல்லாத வீட்டில் தனியாக இருப்பதைத் தாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நாம் மட்டும் தனியாக இருப்பது இருக்கிறதே, அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தக் கேசட்டைத் திருப்பிப் போட யாருக்கும் தோன்றவில்லை. அங்கேயிருந்து பேசுகிறவர்கள் யாருமே ஒரு பக்கத்துக்கு மேல் பேசியதில்லை. வேலை முடிந்து வந்து அசதியோடு பேசுவார்கள், ஒரு பக்கத்துக்கே திணறும். திரும்பிப் போகும்போதுதான் இரண்டு பக்கமும் நிரம்பும், இங்கேதான் பேச ஆள் ஜாஸ்தி. மாமி கேசட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காப்பிக்குக் கொடுத்தனுப்பினாள்.

காப்பி வந்தது. முதல் பக்கத்தில் இவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார், ஆனால் எல்லாம் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் நாகூர்ப் பாட்டு. அந்தப் பக்கத்தைக் காலியாக விட மனசு வரவில்லை என்று ஜலாலுதீன் இனாமாகப் போட்டுக்கொடுத்தாராம். மாமிக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வாரம் ஒருவர் தமாமுக்குக் கிளம்புவதாகச் சொன்னதும், அசலை எடுத்து வைத்துக்கொண்டு எல்லோரும் பதில் பேசினோம். மாமியும் நாத்தனாரும் பேசி முடிக்கும்போது முதல் பக்கம் தீர்ந்துவிட்டது. என் முறை இரண்டாம் பக்கத்தில் வந்தது. "ராபியா பேசறேன். எல்லாரும் நல்லா இருக்கோம். மாமிக்குக் கால்வலி பரவால்ல" என்று ஆரம்பித்தேன். அப்புறம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. மழை இல்லாததையும் இறால் விலையையும் பேசினேன். அப்புறம் அக்கம்பக்கத்தார் பேசி அந்தப் பக்கத்தையும் நிரப்பினார்கள்.

லீவு முடிகிற சமயத்தில் அமீர் ஜான் நெல்லூரிலிருந்து திரும்பினார். கொண்டுபோக ஏதாவது பொட்டலம் உண்டா என்று கேட்க வந்தார். மாமி உள்ளே தொழுதுகொண்டிருந்தாள். வாசலிலிருந்தே என்னிடம் குரலைத் தாழ்த்தி, "இஸ்மாயில் பேசினத கேட்டீங்களாம்மா?" என்றார்.

"கேட்டோமே. எல்லாரும் கேட்டோம்."

"அது இல்லம்மா. ரெண்டாம் பக்கம். உங்களுக்குன்னு பேசினான். எங்க எல்லாரையும் ரூம விட்டு வெளிய அனுப்பிட்டான். அந்த வெயில்ல நின்னுகினு இருந்தோம். பசங்க கிண்டல் பண்ணதுக்குக்கூட அவன் கதவத் தொறக்கல. உங்ககிட்ட தனியா சொல்லச் சொன்னான். அன்னைக்கு அம்மா நின்னாங்க, எனக்குச் சொல்ல வாய் வரல."

கதவைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா பேசினாரு?" என்று கேட்டேன்.

"எனக்கெப்படிம்மா தெரியும்? நான்தான் வெளிய நின்னேனே. உங்ககிட்ட பதில் வாங்கிகினு வரச் சொன்னான். வியாழக்கிழமை கெளம்பறேன், அதுக்குள்ள சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இவர் பேசிய பேச்சின் மேல், என் வாயாலேயே, இறால் விலையைப் பேசி அழித்திருக்கிறேன். அதை நினைத்தபோது அழுகை வரவில்லை. ஜலாலுதீன்மேல் கோபம்தான் வந்தது. இரண்டாம் பக்கத்தில் பேச்சு இருந்தால் அது காப்பியில் வரவேண்டும் இல்லையா? அதற்குத்தானே அவரிடம் கொடுக்கிறோம்?

தனியாகக் கடைத்தெருவுக்குப் போனால் மாமி கேள்வி கேட்பாள். எல்லம்மாவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். எல்லம்மா ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் நடப்பாள். காலை முழுக்க வாயைத் திறக்க முடியாது. அந்தக் கடனையெல்லாம் மத்தியானத்துக்கு மேல் ஊருக்குள் வந்து தீர்ப்பாள். எனக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை அவள்தான்.

"இன்னா பீவிம்மா, மூஞ்சி தொங்கிப்போய்க் கீது" என்றாள். சொன்னேன். "அந்தப் பாய உடக்கூடாது, வா" என்று கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

ஜலாலுதீன் ஒரு ரேடியோவின் முதுகைக் கழற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையை நிமிர்த்தாமலே, "ரெண்டாம் பக்கமா? அதுல ஒண்ணும் இல்லையே தங்கச்சி" என்றார்.

"இருந்துதாம்ணே. பேசினவரோட இருந்தவரே சொல்றாரு."

"அப்ப ஹெட்டு புடிச்சிருக்காது. அழுக்கு. நாளைக்கு வா, பாக்கறேன்."

மறுநாள் போனோம். கடை பூட்டியிருந்தது. டேப் ரிக்கார்டருக்குப் பெல்ட் வாங்கப் பொன்னேரிக்குப் போயிருப்பதாக டீக்கடைக்காரர் சொன்னார். அடுத்த நாள் போனோம். எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். கரண்ட் இல்லை என்றார். தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"பாய், பல்பு இன்னா மண்ணெண்ணெயிலயா எரியுது?" என்றாள் எல்லம்மா.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. வழக்கமான பாட்டை எடுத்தார். "தங்கச்சி, பேச்சு எதுக்கு, அசல எடுத்துகினு வா. உக்காந்து புதுசா போட்டுத் தர்றேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அசல் எங்கண்ணே இருக்கு? அசல் தமாமுக்குப் போயிடுச்சு. அந்தப் பக்கத்துமேல நானே பேசி அனுப்பிட்டேன். அவர் பேசினது இப்ப உலகத்துல எங்கயும் இல்ல. உங்கள நம்பித்தானே அழிச்சோம்?"

கையிலிருந்த திருப்புளியை அவர் கீழே வைத்தார். ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தார். "கேக்காமயா அழிச்சீங்க?" என்றார் மெதுவாக. "நீ கேட்டிருப்பன்னு இல்ல நெனச்சேன்."

அப்புறம்தான் உண்மை வந்தது. அது காதில் விழுந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் இத்தனை நாள் மழுப்பியிருக்கிறார். காப்பி போடும்போது இரண்டாம் பக்கத்தையும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். பேச்சு இருந்திருக்கிறது. 'இது உனக்கு மட்டும்' என்று இவர் சொன்னது காதில் விழுந்ததும், இன்னும் கொஞ்சம் ஓடவிட்டுப் பட்டென்று நிறுத்திவிட்டார். "ஒரு பொண்டாட்டிகிட்ட புருஷன் பேசறத நான் ஒக்காந்து கேக்கலாமா, சொல்லு. ஒரு காப்பி மண்ணடிக்கு வேற போவுது. அங்க எல்லார் முன்னாடியும் அது பேசினா உன் மானம் என்ன ஆவறது? அதான் அந்தப் பக்கத்துல பாட்டப் போட்டேன். அசல் உன் கையிலதான கீது, நீ கேட்டுப்பன்னு உட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம் இல்ல?"

"யார்கிட்ட சொல்லி அனுப்பறது? உன் மாமியார்கிட்டயா?" என்றார்.

டீ சொன்னதையும் கரண்ட் போனதையும் அவர்மேல் எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறார், அது என் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

அசலைத் தேய்க்கக்கூடாது என்று, முதலில் கடையிலேயே இருக்கும் ஒரு கேசட்டில் காப்பி எடுத்துக்கொண்டு, அதிலிருந்துதான் மற்றவர்களுக்குப் போடுவது அவர் வழக்கம். அந்தக் கடைக் கேசட்டில் அவர் நிறுத்திய இடம்வரை இருக்கக்கூடும் என்றார். டப்பாக்களைக் கவிழ்த்துத் தேடினார். முதல் பக்கத்தில் ஏற்கெனவே வேறு யார் வீட்டுப் பேச்சோ ஏறிவிட்டது. திருப்பிப் போட்டார். போட்டுவிட்டு எழுந்து கடைக்கு வெளியே போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் இவர் குரல்.

"ராபியா. இது உனக்கு மட்டும். அம்மா இருக்கும்போது போடாத. எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல ராபியா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சரியா, இல்லையான்னு மட்டும் அமீர் ஜான்கிட்ட சொல்லி அனுப்பு. கடுதாசியில எழுதாத, இங்க படிச்சிடுவாங்க. அவன் வந்து சேந்த அன்னைக்கே நான் முடிவு பண்ணியாவணும். இன்னான்னா..."

ஜலாலுதீன் இருமும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

மறுபடி போடச் சொன்னேன். எல்லம்மாவே பித்தானை அமுக்கக் கற்றுக்கொண்டு மறுபடி மறுபடி போட்டாள். என் பெயரைச் சொல்லி இவர் என்னிடம் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். அம்மாவிடம் விசாரிக்கும் பெயராக இல்லை, கூப்பிடும் பெயராக. சிறு பிள்ளை மாதிரி தயங்கித் தயங்கிப் பேசியிருந்தார். நான் அந்தக் கடைப் பலகையிலேயே தலையை வைத்துக்கொண்டு அழுதேன். எல்லம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

திரும்பி வரும்போது, "கேக்கலன்னு சொல்லி அனுப்பு பீவிம்மா. மறுபடி கேக்கட்டும்" என்றாள்.

"நாள் இல்ல எல்லம்மா. அமீர் ஜான் போன அன்னைக்கே முடிவு பண்ணணும்னு சொல்றாரு இல்ல?"

"கேள்வி இன்னான்னே தெரியாம பதிலு சொல்லுவியா? இன்னா கூத்து இது."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அவளுக்கு இவரைத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருக்கிறார். நீ பேசியது வீணாகிவிட்டது, நான் கேட்கவில்லை, கடையில் நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னால், அந்த வாய் அப்புறம் இந்த ஜன்மத்துக்குத் திறக்காது. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

அதனால் கேள்வியை நானே யோசித்தேன். இறால் உரித்துக்கொண்டே யோசித்தேன், மாமியின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். என்னை அங்கே வரச்சொல்லிக் கேட்டிருப்பாரோ. அப்படியானால் சரி. இங்கே வந்துவிட்டு, பொன்னேரியில் தனியாகக் குடித்தனம் வைக்கலாமா என்று கேட்டிருப்பாரோ. அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்றால் அதுவாகத்தான் இருக்கும். அதற்கும் சரி. என் நகையை விற்றுக் கடை வைக்கலாமா என்றால், எடுத்துக்கொள்ளட்டும், அது பெட்டியில் கிடந்து எனக்கு என்ன செய்கிறது. எப்படி எப்படித் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு வந்த பதில் ஒன்றுதான். இந்த மனுஷர் என்னிடம் எதைக் கேட்டாலும் நான் இல்லை என்று சொல்லப்போவதில்லை.

அமீர் ஜான் பொட்டலத்துக்கு வந்தபோது ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "சரின்னு சொல்லுங்க" என்றேன்.

"எதுக்கும்மா சரி?"

"அவருக்குத் தெரியும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரிச் சோற்றை நான் மட்டும் ருசித்துச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் வந்த மாதங்கள்போல் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். நாத்தனாரிடம் எரிந்து விழவில்லை. மாமி என்ன சொன்னாலும் சிரித்தேன். உனக்குப் பேய் ஏதாவது பிடித்துவிட்டதா என்று மாமி கேட்டாள். அதற்கும் சிரித்தேன்.

மழைக்கு முன்னால் அடுத்த கேசட் வந்தது. கோட்டைக்குப்பத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். மாமி வீட்டில் இல்லை, அதனால் என் கைக்கே வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு முதலில் இரண்டாம் பக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். காலி. கடைசிவரை ஓட்டிப் பார்த்தும் ஒன்றும் இல்லை. பேசுவானேன், நேரிலேயே வரப்போகிறார் போல என்று நினைத்துக்கொண்டு, மாமி வந்ததும் ஒன்றும் தெரியாத மாதிரி எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்குப் பெரிய நாத்தனாரும் மண்ணடியிலிருந்து வந்திருந்தாள். மரியம் பீவியும் வந்து உட்கார்ந்தாள். இவர் வழக்கம்போல சலாம் சொல்லி, எல்லோரையும் விசாரித்தார். அப்புறம் சொன்னார்.

"அம்மா, தங்கச்சி கல்யாணத்தப் பத்தி இனிமே நீ கவலப்படாத. கம்பெனியில இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன். உன்கிட்ட கேட்டா நீ தங்கச்சிய நெனச்சுதான் சொல்லுவ. அதனால மொதல்ல ராபியாகிட்டதான் கேட்டேன். மூணு வருஷம் இருக்கட்டுமா, சரியா, இல்லையா, இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா போட்டது போட்டபடி வந்துடறேன்னு சொன்னேன். அவ சரின்னு சொல்லி அனுப்பிட்டா."

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. கேசட் முடிந்துவிட்டதோ என்று சின்ன நாத்தனார் கையை நீட்டினாள். அப்போது மறுபடி குரல் வந்தது.

"வந்துடுன்னு சொல்லுவன்னு நெனச்சேன் ராபியா. பரவால்ல. வெச்சிடறேம்மா."

மாமி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என்னை அப்படித் தொட்டதில்லை. "நீயா சொன்ன? என் பொண்ணுக்காக நீயா சொன்ன? நான் பெத்ததுங்களுக்குக்கூட இந்த மனசு வராதே" என்று அழுதாள். சின்ன நாத்தனார் என் மடியில் விழுந்தாள். மரியம் பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன்னைப்போல் மருமகள் கிடைக்க பரக்கத் பீவி என்ன செய்தாளோ என்றாள்.

"ரெண்டாம் பக்கம் காலிதான? இன்னைக்கு இவதான் மொதல்ல பேசணும்" என்று மாமி கேசட்டைத் திருப்பிப் போட்டு, பித்தானை அமுக்கி, மிஷினை என் எதிரே நகர்த்தினாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

பேசினேன். "நான் கேக்கலங்க. நீங்க பேசின பக்கம் எனக்கு வந்து சேரல. எதுக்குன்னு தெரியாம சரின்னு சொல்லிட்டேன். உங்க மூணு வருஷம் எனக்கு வேணாம். என்னால முடியல. வந்துடுங்க. நடந்தாவது வந்துடுங்க."

நாத்தனார் மடியிலிருந்து எழுந்து தள்ளி உட்கார்ந்தாள். மாமிதான் கையை நீட்டி மிஷினை நிறுத்தினாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவள் என் பக்கத்தில் நகர்ந்து வந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டாம்மா" என்றாள். "பாஸ்போர்ட்ட அவங்க வாங்கி வெச்சிப்பாங்க. அவனே நெனச்சாலும் வர முடியாது. இதக் கேட்டுட்டு அந்தப் பாலைவனத்துல மூணு வருஷம் எப்படி இருப்பான் எம்புள்ள? சொல்லு. நீ வேணாம்னு சொன்னன்னு நெனச்சுகினு இருந்தாகூட இருந்துடுவான். வேணும்னு தெரிஞ்சா இருக்க மாட்டான்."

எனக்கு ஆத்திரம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

மாமி கேசட்டை ஆரம்பம்வரைக்கும் பின்னுக்கு ஓட்டினாள். மறுபடியும் பித்தானை அமுக்கி, மிஷினை என் எதிரே வைத்தாள். "நல்லபடியா பேசும்மா" என்றாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ராபியா பேசறேன்" என்று ஆரம்பித்தேன். "எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க."